பத்மினிக்கு ஜலதோஷம்!

தலைப்பைப் பார்த்ததும் நாட்டியப் பேரொளியைப் பற்றி ஏதோ சமாசாரம் என்று ஆவலோடு வந்த பெரியவர்கள் மன்னிக்கவும். இது நாலு சக்கர பத்மினி. பம்பாய் குர்லாவில் ஃபியட் என்ற பெயரில் பிறந்து, 1974-ல் சித்தூர் ராணியின் பெயரைச் சூட்டிக்கொண்ட பிரீமியர் பத்மினி. எங்கள் வீட்டில் இருப்பது 1988 மாடல். எனக்கும் அதற்கும் ஒரே வயசு. அதற்கு இதுவரை மூன்று தடவை பெயின்ட் அடித்தாயிற்று. நான் இப்போதுதான் தலைக்கு அடிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

மும்பையில் 2023 அக்டோபரோடு கடைசி பத்மினி டாக்ஸிக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் அப்பா கொடுக்கவில்லை. தான் ரிட்டையர் ஆனார். காரை ரிட்டையர் ஆக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஓட்டிப்போய் ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டு, பையன் பாஸானது போல வெற்றிச் சிரிப்போடு திரும்பி வருவார்.

நான் பி.காம். தேய்மானத்தில் 'குறைந்து செல் மதிப்பு முறை' என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். வருஷா வருஷம் மதிப்பு குறைந்துகொண்டே போகும். ஆனால் கடைசிவரை பூஜ்யம் ஆகாது. பரீட்சை ஹாலில் புரியாதது, போர்ட்டிகோவில் நிற்கிற வண்டியைப் பார்த்துப் புரிந்தது.

இந்த வண்டிக்கு ஏ.சி. வைத்தேன் என்றால் ஆபீஸில் சிரிக்கிறார்கள். "குதிரை வண்டிக்கு வைப்பரா?" என்றார் ஒருத்தர். சிரிக்கட்டும். ஏன் வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டது. 2024 பிப்ரவரியிலிருந்து வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். சிதம்பரத்தில் அக்கா வீடு இருக்கிறது. நாலு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு வந்தால் ஆளே துவண்டுபோவார். அக்கா வீட்டில் படுத்து எழுந்து சாயங்காலம் திரும்பலாம் என்று சிதம்பரத்திலேயே ஏற்பாடு. மஞ்சக்குப்பத்திலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்.

டயாலிசிஸ்காரர்களின் பெரிய கஷ்டம் ஊசி இல்லை சார், தாகம். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாததால் உடம்பிலேயே தங்கிவிடும். கால் வீங்கும், மூச்சு முட்டும். அதனால் அளந்துதான் குடிக்க வேண்டும். அப்பாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். காப்பி, ரசம், மோர் எல்லாம் அந்தக் கணக்குக்குள்ளேயே. நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுச் சப்பலாம். அம்மா ஃபிளாஸ்க்கில் ஐந்து ஐஸ் கட்டி எண்ணிப் போட்டுத் தருவாள். ரேஷன் கடையில்கூட அப்படி எண்ண மாட்டார்கள்.

ஏப்ரல் பிறந்தது. ஜன்னலைத் திறந்தால் அடுப்பு ஊதுகிற மாதிரி காற்று. முதுநகர் தாண்டி தொழிற்பேட்டை வந்தால் வாடைக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றியே ஆக வேண்டும். ஏற்றினால் உள்ளே இட்லிப் பானை. ஆலப்பாக்கம் வருவதற்குள் ஐந்து ஐஸ் கட்டியும் காலி. புதுச்சத்திரத்தில் அப்பா உதட்டை நக்கிக்கொண்டு ரோட்டோர இளநீர்க் குலைகளையே பார்த்துக்கொண்டு வருவார். கேட்க மாட்டார். அவருக்கு இளநீர் கூடாது, அதில் பொட்டாசியம் ஜாஸ்தி. அவர் கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"டாக்ஸி வெச்சுக்கலாம்ப்பா, ஏ.சி. வண்டி" என்றேன்.

"வாடகைக் கார்ல போயி ஆஸ்பத்திரி வாசல்ல எறங்குனா, ரொம்ப சீரியஸ் கேஸுன்னு நெனச்சிப்பாங்கடா" என்றார். போகவரவும் காத்திருக்கவும் டாக்ஸி கேட்கிற தொகையை மாதம் எட்டு தடவையால் பெருக்கிப் பார்த்தேன். எனக்கும் அவர் சொன்னது நியாயமாகவே பட்டது! பழைய ஏ.சி. கார் வாங்கலாம் என்றால் வீட்டுக் கடன் இருக்கிறது.

கடைசியில் முதுநகர் பாயிடம் போனேன். பத்மினியின் குடும்ப டாக்டர். பானெட்டைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏ.சி.ங்கறது ஜில்லுனு ஒண்ணை உள்ள கொண்டாந்து வெக்கிறது இல்ல தம்பி. உள்ள இருக்கற சூட்டை வாரி வெளிய கொட்றது. வார்றதுக்கு ஆள் வேணும். அந்த ஆளுக்குக் கூலி யாரு தருவா? இன்ஜின்தான்."

விஷயம் அதுதான். கம்ப்ரஸர் கேஸை அழுத்திச் சூடாக்கி கண்டென்ஸருக்கு அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற கண்டென்ஸர் அந்தச் சூட்டை வெளிக்காற்றில் விட்டுவிட, கேஸ் திரவமாகிறது. திரவம் டிரையர் வழியாக வந்து எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித் துவாரத்துக்குள் நுழைந்து, கூலிங் காயிலுக்குள் பீறிடும்போது சட்டென்று ஆவியாகிறது. ஆவியாகச் சூடு வேண்டுமே? அதைக் காருக்குள் இருக்கிற காற்றிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. உடம்பில் யூ டி கொலோன் தடவினால் ஜில்லென்று இருக்கிறதல்லவா, அதே வித்தைதான்.

கூலிதான் பிரச்னை. பத்மினிக்கு 1089 சி.சி. இன்ஜின். மொத்தம் நாற்பது குதிரை சொச்சம், அதுவும் இளமையில். கம்ப்ரஸர் அதில் மூன்று நாலு குதிரையை அவிழ்த்துக்கொண்டு போய்விடும். "மாருதி 800 கம்ப்ரஸர் கெடச்சா எடுத்தா" என்றார் பாய். "அது 796 சி.சி.யே இழுத்த கம்ப்ரஸர். நம்ம வண்டி தாங்கும்."

இந்த அவஸ்தை நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். உலகத்திலேயே முதன்முதலில் ஏ.சி. வைத்து விற்ற கார் அமெரிக்காவின் பேக்கார்ட், 1940 மாடல். கூலிங் காயில் டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. கம்ப்ரஸருக்கு கிளட்ச் கிடையாது. குளிர் போதும் என்று தோன்றினால் இன்ஜினை நிறுத்தி, இறங்கி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும்! கோட் சூட் போட்ட அமெரிக்கக் கனவான் நடு ரோட்டில் பெல்ட் கழற்றுகிற காட்சியை நினைத்து எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

பழைய சாமான் என்றால் சென்னை புதுப்பேட்டைதான். எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். கூவத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் ஒரு கடையில் வெறும் கதவுகள், அடுத்த கடையில் வெறும் ஹெட்லைட்டுகள், அதற்கடுத்து கியர் பாக்ஸ்கள் மலையாக. காரைக் கழற்றிப் பார்த்திராத என்னைப் போன்றவனுக்கு அனாடமி கிளாஸ் மாதிரி இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முழுகிய கார்கள் இங்கே எத்தனையோ வந்து பிரிந்தன என்று கடைக்காரர் சொன்னார். வெள்ளத்தில் முழுகிய கம்ப்ரஸர் மோசம் என்று முடிவுகட்ட வேண்டாமாம். மூடிய சாமான், உள்ளே தண்ணீர் போயிருக்காது. கிளட்ச் பேரிங்கில் சேறு இருக்கிறதா என்று மட்டும் சுழற்றிப் பார்க்க வேண்டும்.

பாய் எனக்குப் பாடம் எடுத்து அனுப்பியிருந்தார். கம்ப்ரஸரின் முன் தட்டைக் கையால் சுற்று; தடையில்லாமல் வழுவழுவென்று சுற்ற வேண்டும், ஆனால் லேசான இறுக்கம் தெரிய வேண்டும். வெளியேறும் துவாரத்தைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு சுற்றினால் விரலைத் தள்ள வேண்டும். பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தால் கிளட்ச் 'டக்'கென்று ஒட்ட வேண்டும். கவிழ்த்து எண்ணெயைக் கொஞ்சம் வெள்ளைத் துணியில் ஊற்று. நிறமில்லாமல் இருந்தால் உத்தமம். கறுப்பாக இருந்தாலோ, வெயிலில் ஜிகினா மாதிரி மின்னினாலோ, கீழே வைத்துவிட்டு ஓடிவந்துவிடு. மின்னுவது கம்ப்ரஸரின் சொந்த உலோகம். தன்னைத் தானே தின்ன ஆரம்பித்திருக்கிறது.

ஐந்தாவது கடையில் ஒன்று தேறியது. மூவாயிரத்து ஐநூறு. அம்பாஸடர் டாக்ஸியிலிருந்து கழற்றிய, டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிடுகிற கூலிங் யூனிட் மூவாயிரம். பத்மினிக்கு ஸ்டியரிங்கிலேயே கியர் என்பதால் நடுவே தொங்க இடம் இருக்கிறது. எலெக்ட்ரிக் ஃபேன் ஒன்று தொள்ளாயிரம். கடைக்காரர் சந்தோஷத்தில் ஒரு பழைய டிரையரையும் இனாமாகக் கொடுத்தார். உருளையாக, கையடக்கமாக இருந்தது. இனாம் என்றதும் என்னுள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டான். புது டிரையர் நானூற்று ஐம்பது ரூபாய் ஆயிற்றே!

அந்த டிரையரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டென்ஸர், ரப்பர் ஹோஸ், வாஷர்கள் எல்லாம் புதிதுதான் வேண்டும் என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடலூர்க்காரர்களுக்கு இது புரியும். கடல் காற்றில் அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, தொட்டால் அப்பளமாய் உதிரும். கண்டென்ஸர் அலுமினியம், வண்டிக்கு மூக்கு மாதிரி முன்னால் நின்று அவ்வளவு உப்பையும் வாங்குவது அதுதான்.

எண்ணெய் விஷயத்திலும் ஒரு பாடம். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் கார்களில் ஆர்-12 கேஸ் இருந்தது. இந்த வகை கேஸ் ஓசோனை அரிக்கும் என்று ரோலண்ட், மோலினா என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1974-ல் சொன்னார்கள். 1987-ல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவிலும் 2010-க்குள் நிறுத்திவிட்டோம். அதற்குப் பதிலாக வந்தது ஆர்-134ஏ. புது கேஸுக்கும் பழைய மினரல் எண்ணெய்க்கும் ஒத்துப்போகாது. எண்ணெய் கேஸோடு கலந்து ஊரெல்லாம் சுற்றிக் கம்ப்ரஸருக்குத் திரும்பினால்தான் கம்ப்ரஸர் பிழைக்கும். மாமியார் மருமகள் மாதிரி ஒன்றோடு ஒன்று சேராவிட்டால் எண்ணெய் எங்கேயோ தங்கிவிடும். கம்ப்ரஸர் காய்ந்து இறுகிப்போகும். அதனால் பழைய எண்ணெயைச் சுத்தமாக வடித்துவிட்டு, புது கேஸுக்கான எண்ணெயை அளந்து ஊற்றினார் பாய்.

பிறகு லேத் பட்டறை. இன்ஜினின் கீழ்ப் புல்லியில் இன்னொரு பெல்ட் ஓடப் பள்ளம் கடைந்தோம். கம்ப்ரஸரைத் தாங்க இரும்புப் பட்டையில் பிராக்கெட். இது மயிரிழை விலகினால்கூட பெல்ட் கத்தும். முதல் தடவை போட்டபோது தெருவில் பூனைச் சண்டை என்று நினைத்து எதிர் வீட்டில் தண்ணீர் ஊற்ற வந்துவிட்டார்கள். டைனமோவை எடுத்துவிட்டுப் பழைய ஆல்டர்னேட்டர் ஒன்று. டைனமோ சிக்னலில் நிற்கும்போது புளோயர், ஃபேன், ஹெட்லைட் மூன்றுக்கும் சேர்த்துக் கரண்ட் தராது. ரேடியேட்டரைப் பிரித்து அடைப்பெடுத்தோம்.

இத்தனை செய்தும், உருப்படியான லாபம் எதில் கிடைத்தது தெரியுமா? கதவு ரப்பர் பீடிங்கில்! பழைய பீடிங் வழியாக விரலை விடலாம். இன்ஜினுக்கும் காருக்கும் நடுவே இருக்கிற தகட்டில், கேபிள் போகிற ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் சூடு உள்ளே வந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் அடைத்து, மிதியடிக்குக் கீழே கனமான ஃபெல்ட் விரித்தோம். ஏ.சி.யே போடாமல் பாதி வித்தியாசம் தெரிந்தது. உங்களிடம் பழைய கார் இருந்து, ஏ.சி. ஆசை இல்லாவிட்டாலும், இதை மட்டுமாவது செய்யுங்கள்.

டிரையர் மாட்ட வேண்டிய அன்று பாய் ஒரு கல்யாணத்துக்காகப் பரங்கிப்பேட்டை போய்விட்டார். கடைப் பையன்தான் இருந்தான். "இதையே மாட்டுப்பா, நல்லாத்தான் இருக்கு" என்று இனாம் டிரையரை நீட்டினேன். மாட்டினான். சோப்பு நுரை தடவி லீக் பார்த்தான், அரைக் கிலோ சுமாருக்கு கேஸ் ஏற்றினான். ஜில்லென்று வந்தது பாருங்கள் காற்று! அம்மா ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "பிரிட்ஜ் கதவத் தொறந்தாப்பல இருக்குடா" என்றாள்.

மே 4, கத்திரி ஆரம்பம். அப்பா முன் சீட்டில். மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர், தொழிற்பேட்டை... கண்ணாடியை ஏற்றிவிட்டு ராஜா மாதிரி போனோம். ஆலப்பாக்கம் நெருங்கியபோது காற்று மந்தமாயிற்று. பிறகு வெதுவெது. பிறகு பழைய இட்லிப் பானை! டீக்கடை ஓரம் நிறுத்தினேன். பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்தால் மறுபடி ஜில்! சிதம்பரம் வடக்கே கொஞ்ச தூரத்தில் மறுபடி வெதுவெது.

பாயிடம் காட்டினேன். பட்டறையில் பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தார். ஒழுங்காக இருந்தது. டாக்டரைக் கண்டதும் ஜுரம் ஓடிப்போகிற மாதிரி.

இரண்டாவது தடவையும் அதே ஆலப்பாக்கம். மூன்றாவது தடவை பாயையே பின் சீட்டில் ஏற்றிக்கொண்டேன், மடியில் கேஜோடு. ஆலப்பாக்கத்தில் காற்று சூடாக ஆரம்பித்ததும், "நிறுத்து தம்பி, இன்ஜினை அணைக்காத" என்று இறங்கி கேஜை மாட்டினார். முப்பதில் நிற்க வேண்டிய முள் கீழே கீழே போய்ப் பூஜ்யத்தையும் தாண்டி இறங்கியது. டீக்கடையில் ஒரு துணியை வெந்நீரில் முக்கி வாங்கிவந்து, தொங்கல் யூனிட்டுக்குள் கையை விட்டு எக்ஸ்பான்ஷன் வால்வின்மேல் சுற்றினார். முள் மெள்ள மேலே ஏறியது. காற்று ஜில்லென்று வந்தது.

"உள்ள தண்ணி இருக்கு தம்பி. துளித் தண்ணி. வால்வு ஓட்டையில வந்து ஐஸா ஒறைஞ்சு அடைச்சிக்குது. நிறுத்தினா கரையுது. ஓட்டினா ஒறையுது."

அப்பா வாயில் ஐஸ் கட்டியை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு கேட்டார்: "அதுக்கும் வாயில ஐஸ் கட்டியாடா?"

பாய் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "டிரையர் புதுசுதானே போட்டீங்க?"

நான் இளநீர்க் குலையைப் பார்த்தேன்.

டிரையருக்குள் ஈரம் உறிஞ்சுகிற மணிகள் இருக்கின்றன. அதன் வேலையே உள்ளே தப்பி நுழைந்த ஈரத்தைக் குடித்து வைப்பது. புதிதாக வாங்கும்போது இரண்டு வாயிலும் மூடி போட்டிருப்பார்கள். மாட்டுகிற நிமிஷம்தான் திறக்க வேண்டும். என் இனாம் டிரையர் கூவக்கரையில் வாயைத் திறந்துகொண்டு எத்தனை மழைக்காலம் கிடந்ததோ! வயிறு முட்டக் குடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறது. அந்த ஈரம் உறைவதோடு நின்றால் பரவாயில்லை. நாள்பட்டால் எண்ணெயோடும் கேஸோடும் சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரஸரை உள்ளிருந்தே அரித்திருக்கும்.

பழைய கேஸைச் சிலிண்டரில் பிடித்துக்கொண்டு, புது டிரையர் மாட்டி, வாக்குவம் பம்ப்பை முழுசாக ஒரு மணி நேரம் ஓடவிட்டார் பாய். காற்றே இல்லாத இடத்தில் தண்ணீர் நம் அறைச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பம்ப் அதை இழுத்து வெளியே துப்பிவிடும். பையன் அன்றைக்கு அதை எவ்வளவு நேரம் ஓட்டினான் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. மறுபடி கேஸ், எண்ணெய், கூலி எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். மிச்சம் பிடித்தது நானூற்று ஐம்பது. இதற்கு ஜர்னல் என்ட்ரி எப்படிப் போடுவது என்று எங்கள் காலேஜில் சொல்லித்தரவில்லை. ஆக மொத்தம் இருபத்தேழாயிரம் சொச்சம். லிட்டருக்குப் பதிமூன்று கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது பதினொன்று கொடுக்கிறது.

ஒரு சமாசாரம் பாக்கி. அவிழ்த்துக்கொண்டு போன குதிரைகள் ஓவர்டேக் செய்யும்போது தேவைப்படுமே? புதுக் கார்களில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் கம்ப்ரஸர் தானாக விலகிக்கொள்ளும். பாய் எனக்கு ஒரு கை ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தார். ஒயர் நீளம் எட்டாததால் அது இடது பக்கம், அப்பா முழங்காலுக்கு அருகில் அமைந்துவிட்டது. அதனால் அப்பாவுக்கு வேலை கிடைத்தது.

"அப்பா, பஸ்ஸு!" என்பேன். டக்கென்று அணைப்பார். தாண்டியதும், "போட்டுட்டேன்" என்பார். அரசாங்க ஃபைலில் முப்பது வருஷம் கையெழுத்துப் போட்ட மனுஷர்; ஒரு தடவைகூடத் தாமதம் கிடையாது. பி.முட்லூர்வரை எத்தனை தடவை அணைத்தோம் என்று எண்ணி அக்காவிடம் ரிப்போர்ட் வேறு.

டிரையர் மாற்றியபின் முதல் பயணம், கத்திரி உச்சத்தில். அம்மாவின் சமையலறை தர்மாமீட்டரை புளோயர் முன்னால் பிடித்துப் பார்த்தேன்: பன்னிரண்டு டிகிரி. ஆலப்பாக்கம் வந்தது. இரண்டு பேரும் பேசவில்லை. காற்று ஜில்லென்றுதான் இருந்தது. டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துத் தயாராகக் கையைத் தூக்கினார், நிற்காமல் போய்விட்டோம்.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு வைக்கோல் லாரி, ரோட்டை அடைத்துக்கொண்டு முப்பதில் ஊர்ந்தது. வலது பக்கம் காலியாக இருந்தது.

"அப்பா, லாரி!"

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். வாயைக் கொஞ்சம் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பிப்ரவரியிலிருந்து போகும்போது அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. மடியில் ஃபிளாஸ்க். மூடி திறக்கப்படவே இல்லை; பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் உள்ளே ஐந்து ஐஸ் கட்டியும் கலகலவென்று சத்தம் போட்டன.

பின்னால் வந்த வேன்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டு என்னைத் தாண்டிப் போனான். நான் சிதம்பரம் போய்ச் சேரும்வரை வைக்கோல் லாரிக்குப் பின்னாலேயே போனேன்.